மூலையில் ஊற்றிய தண்ணீர்

1. அடுப்பு வெளியே வந்த வீடு

தாயில்பட்டி போகிற ரோட்டில் பால்பாண்டி என்பவர் வீட்டு வாசலில் நான் வண்டியை நிறுத்தியது ஒரு வைகாசி மாதக் காலை. வீடு இருக்கும்போதே அடுப்பு வெளியே எரிந்துகொண்டிருந்தது. அவர் மனைவி முத்துமாரி உலையை விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"நீங்க உள்ள போய்ப் பாருங்க அண்ணாச்சி. நான் வரல. சொவத்துல கைய மட்டும் வச்சிராதீக."

நான் எட்டாவது வரை படித்தவன். கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவன். இந்தக் கரிசல் பூமியில்தான் என் வேலை முழுவதும். திருநீறு பூசாமல் கரண்டியைத் தொட மாட்டேன். அன்றும் ஆத்தாளை நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

பின்பக்க அறையில், ஜன்னல் மூலையிலிருந்து மேல்நோக்கி, படிக்கட்டு மாதிரி செங்கல் செங்கலாக ஏறியிருந்தது விரிசல். கீழே நூல் கனம். மேலே போகப் போக என் சுண்டுவிரல் நுழைந்தது. பின்கதவைப் பாதிக்கு மேல் சாத்த முடியவில்லை. மேலே அகலம், கீழே ஒடுக்கம் என்றால் அந்த மூலை கீழே இறங்குகிறது என்று அர்த்தம். பூச்சில் மட்டும் வரும் வெடிப்பு இப்படிச் சாய்ந்து ஏறாது, கதவையும் பிடிக்காது.

"தையில பட்டாசுக் கம்பெனியில மருந்து ரூம் வெடிச்சிச்சில்லா, அந்த அதிர்ச்சிதான் மேஸ்திரி" என்றார் பால்பாண்டி. "ஊர்லயே எல்லாத்துக்கும் தெரியும். மேல பூசி விட்டுருங்க. மகள கூட்டிட்டு வரணும்."

அதுதான் அவர்கள் கவலை. மகள் செல்வியை நாரணாபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்குத் தாய்வீடு வரவேண்டிய நேரம். விரிசல் சேதி அங்கே எட்டியதும் சம்பந்தியம்மா அய்யம்மாள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: பிளந்த வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேன்.

"தலைப்பிரசவம் அண்ணாச்சி" என்றார் முத்துமாரி. "அவள மாமியா வீட்டுல விட்டுட்டு நான் இங்கன எப்படிச் சோறு திங்க?"

2. மண்ணுக்குள் மினுக்கம்

எனக்கு அந்த வெடி விஷயம் ஒட்டவில்லை. வெடித்த கம்பெனி வாசல் பக்கம். அந்தப் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி முழுசாக இருந்தது. விரிசலோ வீட்டின் பின்னால். அதுவுமில்லாமல் வெடிச் சத்தம் ஒரு தடவைதான். இந்த விரிசலின் மேல் நுனி அழுக்கேறாமல் சிவப்பாக இருந்தது. நேற்று முந்தாநாள் விட்ட இடம் அது. சுவர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது.

பின்மூலையில் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, அஸ்திவாரத்தை ஒட்டி ஒரு குழி எடுக்கச் சொன்னேன். மண் பாளம் பாளமாகப் பிளந்து, காய்ந்து கிடந்தது. அஸ்திவாரக் கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. ஒரு கட்டியை உடைத்தேன். உள்ளே வெள்ளி மாதிரி மினுங்கியது.

"இது என்ன தாயி?"

எட்டிப் பார்த்த முத்துமாரி சட்டென்று சொன்னார்: "பவுடர்ல்லா! கம்பெனி அலுமினியப் பவுடரு. நாங்க வேல விட்டு வந்ததும் இங்கன நின்னுதான் தலையில ஊத்துவோம். மேல மருந்தோட வீட்டுக்குள்ள போக முடியுமா?"

மூலைச் சுவரை ஒட்டியே துவைகல்லும் தொட்டியும் இருந்தன. வீடு கட்டிய நாளிலிருந்து புருஷன் பெண்டாட்டி இருவரும், கல்யாணத்துக்கு முன் மகளும், சாயங்காலமானால் அங்கேதான் குளித்திருக்கிறார்கள்.

"கம்பெனி இப்ப?"

"வெடிச்சதுலயிருந்து அடைப்புதானே. ஒரு வாளித் தண்ணி ஊத்திக் குளிக்க எங்களுக்கு என்ன அழுக்கு?"

காரணம் அப்போது கையில் கிடைத்தது. கரிசல் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அந்த மூலை மட்டும் வருஷக்கணக்காக ஈரத்திலேயே உப்பி நின்றது. வீடு அதன்மேல் உட்கார்ந்து பழகிவிட்டது. கம்பெனி அடைத்ததும் குளியல் நின்றது. வெயில் ஏறியது. மண் முதல்முறையாகக் காய்ந்து சுருங்க, மூலை கீழே போனது. வெடிக்குப் பிறகு வந்த விரிசல்தான். ஆனால் வெடியால் வந்ததில்லை.

"அப்ப தினமும் தண்ணி ஊத்துனா ஏறிருமா?" என்றார் பால்பாண்டி.

"ஏறும், எறங்கும், ஏறும். வீடு ராட்டினமா?"

3. ஒன்று விட்டு ஒன்று

அஸ்திவாரக் குழியை நாங்கள் வானம் என்போம். புது வீட்டுக்கு வானத்தை ஒரே மூச்சில் தோண்டலாம். நிற்கிற வீட்டுக்குக் கீழே அப்படிக் கை வைக்கக் கூடாது. ஒரு குழி எடுத்து, கரிசலைத் தாண்டிக் கெட்டியான சுக்கான் பாறை தட்டுகிற வரை போய், கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகுதான் அடுத்தது. அதுவும் பக்கத்தில் கூடாது, ஒன்று விட்டு ஒன்று.

பால்பாண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையில்லாத மனுஷன். குழியைச் சுற்றிச் சுற்றி வருவார்.

"நீங்க தோண்டுற வேகத்துக்கு என் பேரன் பொறந்து வந்து மண்ணள்ளுவான் போல."

"அள்ளட்டும். சொவரு நிக்குமில்லா."

ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப் பூசைக்குக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பினேன். தெருமுனையிலேயே முத்துமாரியின் சத்தம். ஓடினேன். முதல் நாள் போட்ட கான்கிரீட்டுக்குப் பக்கத்தில் பால்பாண்டி தானே வெட்டிய இடுப்பளவு குழிக்குள் நின்றார். மேலே பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏலே பாண்டி, வெளிய வா!"

மரியாதையெல்லாம் அந்த நேரம் வாயில் வரவில்லை. ஆளைப் பிடித்து இழுத்தேன். சுவருக்கு முட்டுக் கொடுத்து, குழிக்குள் கருங்கல்லும் கலவையுமாக அள்ளிப் போட்டு இறுக்கினோம். பால்பாண்டி முட்டுக் கம்பைத் தோளோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"தப்புத்தான் மேஸ்திரி. சும்மா இருக்கக் கை ஒத்துக்கிடல. மக வரணுமேன்னு..."

விரிசல் இன்னும் கொஞ்சம் விட்டிருந்தது. சுவர் நின்றது. ஆத்தா காப்பாற்றினாள்; வேறென்ன சொல்ல?

4. சம்பந்தியம்மா

அதற்குப் பின் அவசரப்படாமல் குழிகளை முடித்தோம். துவைகல்லை வீட்டை விட்டுத் தள்ளி வைத்து, தண்ணீர் ஓட பைப் போட்டோம். சுவரைச் சுற்றி, தண்ணீர் வெளியே வழியும்படி வாட்டம் கொடுத்து சிமெண்டுத் தளம் போட்டோம். விரிசலுக்குள் கம்பி தைத்தேன், பூசவில்லை. ஒரு மழை பார்த்த பிறகுதான் பூச வேண்டும். முன்னால் பூசினால் சுவர் நகர்ந்தாலும் நமக்குத் தெரியாது.

அய்யம்மாள் வீடு பார்க்க வருவதாகச் சேதி வந்தது. முத்துமாரி என் காலில் விழாத குறை.

"அண்ணாச்சி, ஒரு கை சிமெண்டு. மேல பூசி வெள்ளையடிச்சிருங்க. அவுக பாத்துட்டுப் போனதும் கொத்திக்கிடுங்க."

"புள்ளத்தாச்சி படுக்கப் போற வீடு தாயி. மறைக்க மாட்டேன்."

அவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அய்யம்மாள் வந்தார். நேராகப் பின்னறைக்குப் போனார். "பூசி மறைச்சிருப்பீகன்னு நெனச்சேன். வாயப் பொளந்தபடியே வச்சிருக்கீகளே!"

நான் வாயைத் திறக்குமுன் முத்துமாரியே முன்னால் வந்தார். எவ்வளவோ நாளுக்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அப்போதுதான்.

"ஆமா மதினி, மறைக்கல. வெடியால வந்ததில்ல இது. நாங்க ஊத்துன தண்ணியால வந்தது. கம்பெனி விட்டு வந்ததும் இந்த மூலையிலதான் குளிச்சோம். இப்பக் கீழ சுக்கான் வரைக்கும் கான்கிரீட்டு இருக்கு. ஒங்க மருமக இந்த ரூம்பு வேண்டாம், முன்னறையில படுக்கட்டும்."

அய்யம்மாள் வெளியே வந்து மூலையைப் பார்த்தார். தள்ளி வைத்த துவைகல்லைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேஸ்திரி, எங்க வீட்டுலயும் அதே கம்பெனி வேலதான். மூலையிலதானே நாங்களும் குளிச்சோம்."

"அங்க கதவு பிடிக்குதா?"

"பின்கதவு... மழையில மரம் ஊதியிருக்கும்னு எங்க வீட்டுக்காரர் எழச்சுச் சீவி விட்டாரு. மறுபடியும் பிடிக்கி."

மறுநாளே நாரணாபுரம் போய்க் குழி எடுத்துப் பார்த்தேன். அங்கும் அதே மினுக்கம். வானம் தோண்டுகிற வீட்டில் புள்ளத்தாச்சி இருக்கக் கூடாதென்று அய்யம்மாளே செல்வியைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்து முத்துமாரியிடம் விட்டார். "பத்திரமாப் பாத்துக்கிடுங்க மதினி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

இளைய கொத்தனார்களுக்கு ஒன்று சொல்வேன். விரிசலைக் காட்டுகிறவர் அதற்கு ஒரு காரணத்தையும் சேர்த்தே காட்டுவார். மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள்; ஆனால் ஒரு குழி எடுத்துப் பார்க்காமல் கலவை போடாதீர்கள்.

எனக்கு அதன் பிறகு நிம்மதி கொஞ்சம் குறைவுதான். சாயங்காலம் மற்ற கம்பெனிகளின் வேன்கள் வந்து நின்றதும் எங்கள் தெருவிலும் வாளிச் சத்தம் தொடங்கும். விளக்கேற்றிக் கும்பிட உட்கார்ந்த நான், ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறேன்.