கரையான் பானைக்குக் குலவை

குப்பையைக் கரையானுக்குப் போட்டு, அந்தக் கரையானைக் கோழிக்குஞ்சுக்குப் போடச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. கேட்டாலே வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. நாலு பேர் நிமிர்ந்து பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இடுப்பில் பிள்ளையோடு கூட்டத்தில் பேசப் போன அக்காமாருக்கு என் பாடு புரியும்.

முதல் கூட்டம்

புதூர்ப் பக்கம் ஒரு ஊர், மகளிர் குழு. ஆட்களைப் பார்க்கக் கூச்சப்பட்டு, இடுப்பில் இருந்த என் மகளுக்கே பாடம் நடத்தினேன். "பழைய பானையில கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி, கடலைத் தொலியெல்லாம் திணிச்சு, தண்ணி தெளிச்சு, தரையில கவுத்தி வைக்கணும். ராத்திரியே கரையான் ஏறிரும். காலையில தூக்கிக் குஞ்சுகளுக்குத் தட்டிவிடணும்." பாப்பா தலையை ஆட்டினாள். முன்னால் இருந்த அக்கா ஆட்டவில்லை. "ஏட்டி, எங்க வீட்டு வாசல் நிலையைக் கரையான் தின்னுக்கிட்டு இருக்கு, மருந்து கொண்டாந்திருப்பியோன்னு பாத்தா, சோறு போட்டு வளக்கச் சொல்லுதியே!"

அண்ணாச்சி வந்தார்

அந்த ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள். ஒட்டக் கொடுக்கிற கம்பெனி அண்ணாச்சி மறுநாளே மொபெட்டில் வந்து இறங்கினார். பானை வைக்கிற வீட்டுக்கு இனி வேலை கிடையாதாம். எனக்கு இந்த வேலையைக் கொடுத்த கோவில்பட்டி ஆபீசரோ, மாசக் கடைசியில் வருவேன், ஒரு பானைகூட இல்லாவிட்டால் உனக்குப் பதில் வேற ஆள் என்று சொல்லியிருந்தார். நான் வீட்டை விட்டு வெளியே வந்து பார்க்கிற முதல் வேலை. "பெட்டியை ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி" என்றேன். "நான் பெட்டி ஒட்ட ஆள் வச்சிருக்கேன். நீ அதைத் திங்க ஆள் வைக்குதியாம்மா?"

பேச்சியம்மா பானை

ஆடு மேய்க்கிற பேச்சியம்மா அக்காவுக்குப் பெட்டி ஒட்டுகிற வேலை இல்லை. அவர் மட்டும் ஒரு பானை கவிழ்த்தார். தூக்க மறந்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வயலில் கிடை போட வெளியூர் போய்விட்டார். திரும்பி வந்து பார்த்தால் பானையைச் சுற்றிக் கரையான் மண் கட்டி ஏறியிருக்கிறது! "புத்து வளந்திருக்கு, ஆத்தா வந்துட்டா" என்று மஞ்சள், குங்குமம், வேப்பிலை, ஒரு முட்டை, குலவை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு வீடு பானை. தெருக்குப்பை எல்லாம் அதற்குள் போய்விட்டது. ஆனால் பானையைத் தொட ஒருத்தரும் விடவில்லை. குஞ்சுகள் பசியோடு சுற்றிச் சுற்றி வந்தன. அண்ணாச்சியும் மறுபடி வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டு. "கம்பெனி வாசல்ல பெருசா ஒண்ணு வச்சிரும்மா. பெட்டியெல்லாம் இனி அவ பாத்துக்கிடுவா."

ஆபீசர்

மாசக் கடைசி. வரிசையாகப் பானைகளைப் பார்த்து ஆபீசருக்கு ஒரே பூரிப்பு. "எங்கே, ஒண்ணைத் தூக்கிக் காட்டு" என்றார். ஊரே என்னை முறைத்தது. தூக்கினால் ஊர் விடாது, தூக்காவிட்டால் வேலை போச்சு. நான் நின்றது நின்றபடி இருக்க, பாப்பா இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கினாள். நேரே பேச்சியம்மா பானையிடம் போய், ரெண்டு கையாலும் ஒரு தள்ளு. பானை உருண்டது. சொல்லிக்கொடுத்த மாதிரியே தட்டியும் விட்டாள். என் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். குஞ்சுகள் பறந்து வந்து விழுந்து கொத்தின. ஊரே பேச்சியம்மா அக்கா பக்கம் திரும்பியது. பேச்சியம்மா அக்கா குஞ்சுகளைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "என்னட்டி வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிய? குலவை போடுங்க! கோழிக்கு ஆத்தாளே படியளக்கா!"

வேலை நிலைத்தது, இப்போது எந்த ஊருக்குப் போனாலும் பையில் பழைய சாக்கோடு ஒரு மஞ்சள்தூள் பொட்டலமும் வைத்துக்கொள்கிறேன், பாடம் மட்டும் இன்னும் பாப்பாவுக்குத்தான் நடத்துகிறேன்.