இடி இடித்தால் பூட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர்

மாற்றலாகி மலைக்குக் கீழே போன வாத்தியார் ஒருவர் எங்கள் வீட்டில் விட்டுப்போன கம்ப்யூட்டர் அது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், வருஷா வருஷம் எங்களிடம் மிளகு வாங்கியவர். லாரியில் சாமான் ஏற்றியபோது அதற்கு இடம் இல்லை. "பழசுதான், பாப்பா படிக்க ஆகும்" என்று மேசையோடு இறக்கி வைத்துவிட்டார். தன் பிள்ளைகளுக்குப் போட்டிருந்த நேரப் பூட்டை என் மகளுக்கும் அமைத்துக் கொடுத்தார். மாலை ஐந்து முதல் ஏழு வரைதான் கம்ப்யூட்டர் திறக்கும். விளையாட்டு, சினிமா தளங்கள் எப்போதுமே திறக்காது. எதையாவது மாற்ற வேண்டுமென்றால் பாஸ்வேர்டு வேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் பத்தாவதோடு நின்றவன். பெற்ற பிள்ளையிடம்கூட இதைப் பார், இதைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வேலையை ஒரு பெட்டி செய்துவிடும் என்றதும் நிம்மதியாக இருந்தது.

மழை பிடிக்கும் வரை நிம்மதிதான். அதன் பிறகு பூட்டுக்குக் கிறுக்குப் பிடித்தது. சில நாள் ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் "நேரம் இல்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் வந்து நிற்கும். சில நாள் அவள் படிக்கிற பாடத் தளமே திறக்காது, பாதுகாப்பில்லை என்று சிவப்பாக எதையோ காட்டும். ஒருநாள் குச்சிக்கிழங்குக் காட்டிலிருந்து வந்து, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகும் உள்ளே சினிமாச் சத்தம் கேட்டது. பென்டிரைவில் யாரிடமோ வாங்கி வந்த படம். மணி எட்டரை.

"ஏழுக்கே நிக்கணுமே, எப்படிக் கண்ணு ஓடுது?"

"எனக்கென்னங்கப்பா தெரியும்? ஓடுது, பாக்கறேன்."

"பூட்டுல கைய வெச்சயா?"

"நீங்க மட்டும் எம் பாடத்தைப் பூட்டலயா?"

"நான் எதுக்குச் சாமி பாடத்தைப் பூட்டறேன்?"

அவள் நம்பவில்லை. நானும் அவளை நம்பவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் காட்டு வேலை முடிந்ததும் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. சேறு கழுவின ஈரக் காலோடு உட்கார்ந்து, ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்து, தடுத்த தளங்களின் வரிசையில் அவளுடைய பாடத் தளம் இருக்கிறதா என்று தேடுவேன். இருக்காது. நேரத்தைப் பார்த்தால் ஐந்து, ஏழு என்று போட்டது போட்டபடியே இருக்கும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்பவும் போடுவேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். பிறகு பழைய கதை.

"காட்டுலயுங் களை புடுங்கறீங்க, ஊட்டுக்கு வந்தும் உக்காந்து புடுங்கறீங்க" என்பாள் மனைவி. "அந்தச் சனியனத் தூக்கி மாட்டுக் கொட்டாயில வைங்க. மாடாவது படிக்கட்டும்."

வாத்தியாரின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. ஆனால் அவரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? என் மகள் என்னை ஏமாற்றிப் பூட்டைத் திறக்கிறாள் என்றா? அதை வெளி ஆளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இதற்கிடையில் மகள் பன்னிரண்டாவது முடித்தாள். நர்சிங் படிப்புக்கு எந்தெந்தக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகத் தேர்ந்து இணையத்தில் பதிய வேண்டும். யார் யாரையோ விசாரித்து வரிசையை முடிவு செய்யவே கடைசி நாள் வந்துவிட்டது. அன்று மாலை ஐந்து மணிக்குள் பதியாவிட்டால் அந்த வருஷம் போச்சு. பூட்டு ஐந்து மணிக்குத்தானே திறக்கும் என்று முந்தின மாலையே பாஸ்வேர்டு போட்டு, மறுநாள் ஒருநாளைக்கு மட்டும் முழுப் பகலும் திறந்திருக்கும்படி தேதி குறித்து வைத்தேன். அந்தத் தைரியத்தில் இ-சேவை மையத்துக்குப் போகிற காலை பஸ்ஸையும் விட்டுவிட்டோம்.

காலையில் ஒரு இடி இடித்தது. எங்கள் ஊரில் இடி கேட்டால் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவதுதான். முன்பு ஒருமுறை மிளகுக்கொடி ஏற்றின சில்வர் ஓக் மரத்தில் இடி விழுந்து, பக்கத்து வீடுகளில் டிவியெல்லாம் கருகிப்போனது. அதிலிருந்து வானம் லேசாக உறுமினாலே வீட்டுக்கு வீடு கை தானாகச் சுவருக்குப் போகும். காட்டில் இருக்கிறவர்கள்கூட "பிளக்கப் புடுங்குங்க" என்று மேட்டிலிருந்து கத்துவார்கள். நானும் பிடுங்கினேன்.

மழை விட்டதும் மதியம் மகள் உட்கார்ந்தாள். "நேரம் இல்லை" என்று அதே கட்டம். போனில் முயன்றாள். பதிகிற பக்கம் பாதி வந்து நின்றுவிட்டது. அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

நான் பாஸ்வேர்டு அடித்தேன். தப்பு என்றது. மறுபடி அடித்தேன். தப்பு.

"கடைசி எழுத்து சின்னதுங்கப்பா" என்றாள் பின்னாலிருந்து.

அடித்தேன். திறந்தது. பிறகுதான் எனக்கு உறைத்தது.

"உனக்கு எப்பலருந்து தெரியும்?"

"மொத நாள்லருந்து. நீங்கதான் ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடிக்கறீங்களே."

"எனக்கே தெரியுமுங்க" என்றாள் மனைவி கதவோரம் நின்று. "அந்த மாட்டுக்குத்தான் தெரியாதோ என்னமோ."

"அப்புறம் ஏன் கண்ணு நீ திறக்கல? பாடம் ஓடாம அத்தனை நாள் சும்மா உக்காந்திருந்தயே."

"நீங்க போட்டது. நீங்கதானுங்களே திறக்கோணும்."

பூட்டுத் திறந்தும் கல்லூரித் தளம் திறக்கவில்லை. சிவப்பாக அதே பாதுகாப்பில்லை. இதை அவள் செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் செய்யவில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? போனை எடுத்து வாத்தியாரைக் கூப்பிட்டேன். எப்போதும் மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். அன்று அதுகூடத் தோன்றவில்லை.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "கீழே ஓரத்துல தேதி என்ன காட்டுது, பாருங்க" என்றார்.

பார்த்தேன். இத்தனை நாள் அந்த மூலையை நான் பார்த்ததே இல்லை. பல வருஷத்துக்கு முந்தைய ஒரு ஜனவரி முதல் தேதி இருந்தது. என் மகள் ஒன்றாம் வகுப்பு படித்த வருஷம்.

சொன்னதும் சிரித்துவிட்டார். "பிளக்கைப் பிடுங்கினீங்களா?"

"இடி இடிச்சா புடுங்காம எப்படிங்க சார்?"

உள்ளே சின்ன பேட்டரி ஒன்று உண்டு, கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான், அது செத்துப்போயிருக்கும் என்றார். பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய், மாட்டின நேரத்தை நள்ளிரவு என்று வைத்து எண்ணத் தொடங்குமாம். அதனால் ஐந்து மணியும் ஏழு மணியும் அதற்கு வேறெப்போதோ வருகிறது. தேதி தப்பாக இருந்தால் நல்ல தளங்களும் திறக்காது. எப்போதாவது நெட்டிலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொண்டால் அடுத்த இடி வரை ஒழுங்காக ஓடும். அவ்வளவுதான். போனை வைத்ததும் மகளே தேதியையும் மணியையும் சரிசெய்தாள். தளம் திறந்தது. மணி நான்கைத் தாண்டியிருந்தது.

அவள் கல்லூரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தபோது மறுபடி வானம் உறுமியது. மேட்டிலிருந்து யாரோ கத்துவது கேட்டது. மனைவியின் கை பிளக்குக்குப் போய்விட்டது.

"ஏ புள்ள, விடு."

"இடிக்குதுங்க!"

"இடிக்கட்டும். விடு."

அவள் கையை எடுத்தாள், ஆனால் அங்கிருந்து நகரவில்லை. நான் போய்ப் பிளக்குக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். ஜன்னலில் வெளிச்சம் அடித்தது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் வரிசையாக ஏறின பெயர்களைப் படித்தேன். நாமக்கல், சேலம், ஈரோடு, இன்னும் தள்ளி எங்கெங்கோ. எல்லாமே மலைக்குக் கீழே.

"முடிஞ்சுதுங்கப்பா" என்றாள். "பதிஞ்சிருச்சு. இப்பப் புடுங்குங்க."

பிடுங்கினேன். திரை அணைந்தது. இந்நேரம் உள்ளே கடிகாரம் மறுபடி அவள் ஒன்றாம் வகுப்பு படித்த வருஷத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது அவள் கீழே விடுதியில் இருக்கிறாள். அந்தப் பேட்டரியை இன்னும் நான் வாங்கி மாட்டவில்லை. கம்ப்யூட்டரைப் பயன்படுத்தவும் இங்கே யாரும் இல்லை. பூட்டை எடுத்துவிடலாம் என்று ஒருநாள் உட்கார்ந்தேன். வாய்க்குள் எழுத்துக்களைச் சொல்லிக்கொண்டே அடிக்கத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.