ரிலாக்ஸ் என்றால் பேசாதே

பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த கம்பெனியின் சூப்பர்வைசருக்கு எதற்கெடுத்தாலும் ஒரே சொல்தான்: ரிலாக்ஸ். மெஷின் நின்றால் ரிலாக்ஸ். லீவு கேட்டால் ரிலாக்ஸ், அதற்கு லீவு கிடையாது என்று பொருள். "ஓவர்டைம் இருக்கு, ரிலாக்ஸ்" என்றால் வீட்டுக்குப் போகாதே என்று பொருள். வீட்டில் அவரைப் போலவே கையை ஆட்டிச் சொல்லிக் காட்டுவேன். என் நாலு வயது மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

காவிரித் தகராறில் ஊர் பற்றிக்கொண்ட அன்று கம்பெனியை மத்தியானமே மூடிவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீடு இருக்கிற ஜோகுபாளையம் போய்ச் சேர வேண்டும். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கன்னடம் காய்கறி வாங்கத்தான் போதும். பஸ்ஸில் தமிழ் பேசாதே, அடி விழும் என்று கம்பெனி கேட்டிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவளோ வாயாடி. ரோட்டில் போகிற நாயையும் நலம் விசாரிப்பாள்.

"அம்மா, அங்க பாரேன்" என்று ஆரம்பித்தாள். "ரிலாக்ஸ்" என்றேன். சிரித்தாள். மறுபடி வாயைத் திறந்தாள். "ரிலாக்ஸ்." நான் கையை ஆட்டவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

வழியில் பஸ்ஸை மறித்து நாலைந்து பேர் ஏறினார்கள். கையில் கட்டை. ஒருவன் குனிந்து மகளிடம் கன்னடத்தில் பேர் கேட்டான். "ரிலாக்ஸ், ரிலாக்ஸ்" என்று அவள் முதுகைத் தடவினேன். வாயைத் திறக்காதேடி தாயே என்றுதான் அதற்குப் பொருள். அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த கன்னடக்கார அம்மா, "மகுகெ ஜ்வர, பிடப்பா" என்றார். குழந்தைக்குக் காய்ச்சல், விட்டுவிடு என்று எனக்காகப் பொய் சொன்னார். அவன் நகர்ந்தான்.

என் மடி நனைந்தது. ஒண்ணுக்கு வருது என்றுகூடச் சொல்லவில்லை என் பொண்ணு.

வீட்டுக்கு வந்து தாழ்ப்பாள் போட்டேன். "இப்ப பேசுடி. எவ்ளோ வேணா பேசு" என்றேன். அழுகை எனக்குத்தான் முட்டியது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி ஜன்னலைச் சாத்தினாள். இறங்கி வந்து என் காதோடு சொன்னாள்:

"அம்மா, பசிக்குது."