பஞ்சாமிர்தம் பிசைந்த கை

கிளினிக் வேன் ஓட்டும் வேலைக்கு நான் சேர்ந்தபோது, ரத்தம் சிவப்பாக இருக்கும் என்பதைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்தால் எனக்கு மயக்கம் வருமா என்று இன்டர்வியூவில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பை இரண்டு தடவை படித்து, ‘போதும்டா சாமி’ என்று வாத்தியாரே கும்பிட்டு அனுப்பியவன் நான். இப்போது வேனில் புதிதாக ஏறும் பிள்ளைகளுக்கு டிப்ளோமா எல்லாம் இருக்கிறது. மிஷின் ஒரு நம்பரைக் காட்டினால் அதைச் சாமி வாக்கு மாதிரி நம்புகிறார்கள். அவர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். பிழை திருத்தியது என் மகள். திட்டிக்கொண்டேதான் திருத்தினாள்.

1. வெறும் வயிறு

லிங்கி பக்கம் எண்ணெய்க்குச் செம்பனை போட்ட ஒரு தோட்டம். கோயிலை ஒட்டிய மண்டபத்தில் இனிப்பு நீர் சோதனை, அதாவது ரத்தத்தில் சர்க்கரை பார்ப்பது. சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை விரலில் குத்திப் பார்க்க வேண்டும். குத்துவது பரமேஸ் மிஸ்ஸி. சிரம்பானிலிருந்து என் வேனில் வரும் நர்ஸ். ஆளைக் கூப்பிடுவது, வரிசையில் நிறுத்துவது, திட்டு வாங்குவது, மூன்றும் என் வேலை.

முதல் நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன்: ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. காலையில் முதல் ஆளாக வந்த பெரியவரை மிஸ்ஸி கேட்டார்.

“ஐயா, ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“ஒன்னும் இல்ல மிஸ்ஸி. வெறும் வயிறு.”

“தேத்தண்ணி?”

“அது குடிச்சேன்.”

“சீனி போட்டா?”

“சேச்சே, சீனியே தொடறதில்ல. டின் பால் மட்டுந்தான்.”

“பிஸ்கட்?”

“அது தேத்தண்ணியிலேயே கரைஞ்சு போச்சும்மா.”

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வரிசையில் பாதிப் பேர் இதே கதை. அவர்களைத் திருப்பி அனுப்பினால், “அப்ப ஏன் இவ்ளோ வெள்ளென எழுப்புன?” என்று என்னிடம்தான் சண்டைக்கு வந்தார்கள்.

உண்மையாகவே பட்டினியோடு வந்தவர்களில் சின்னப்பன் ஒருவன். செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுபவன், எனக்குப் பழைய கூட்டாளி. போன தடவை அவனுக்கு இனிப்பு கூடுதலாக இருந்தது. “இன்னொரு தடவ ஏறுச்சுனா லோரிய விட்டு எறங்கிக்க. நீ மயங்கி ஆத்துல விட்டுட்டா எவன் பதில் சொல்றது?” என்று தோட்டத்து ஆபீசில் லோரிகளைப் பார்த்துக்கொள்ளும் கிராணி முன்கூட்டியே சொல்லிவிட்டார். இறங்கினால் மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் பொறுக்க வேண்டியதுதான். சின்னப்பன் அந்த லோரியைத் துடைக்கிற துடைப்பில், கட்டின பெண்டாட்டிக்கே அதன்மேல் பொறாமை.

அவனுடைய காலை ரீடிங் நன்றாக இருந்தது. “பாத்தியாடா?” என்று என் முதுகில் ஓர் அறை விட்டான். எனக்குத் தோள்பட்டை விலகியது.

2. இரண்டு மணி நேரக் காவல்

சோறு, சாம்பார், கீரை. மிஸ்ஸி சொன்னபடி பாயசம் இல்லை. கை கழுவியதும் எல்லாரையும் உட்கார வைத்தோம்.

“அண்ணே, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருத்தர் வாயிலயும் ஒன்னும் போகக் கூடாது. உங்க பொறுப்பு,” என்று மிஸ்ஸி சொல்லிவிட்டு, வராதவர்களைப் பார்க்க லயத்து வீடுகள் பக்கம் போனார்.

ஆட்களை வீட்டுக்கு விட்டால் தேத்தண்ணி குடிப்பார்கள். கேட்டைப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஒருவருக்குக் கொட்டாவி, ஒருவருக்கு வெற்றிலை ஞாபகம், ஒரு அக்காவுக்கு அடுப்பில் வைத்த குழம்பு ஞாபகம். கொட்டாவி விட வாயைத் திறந்தாலே நான் ஓடிப்போய் உள்ளே பார்த்தேன்.

அப்போதுதான் கோயில் அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார். சாயங்காலப் பூசைக்குப் பஞ்சாமிர்தம் செய்ய வேண்டும். வாழைப்பழம் குவியலாகக் கிடக்கிறது, நாட்டுச் சர்க்கரையும் தேனும் தயார், கைதான் பத்தவில்லை.

“சும்மாதானே உக்காந்திருக்கீங்க. பிசைஞ்சு குடுங்களேன் லா.”

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பெரிய அண்டாக்களைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து பிசைந்தார்கள். நானும் பிசைந்தேன். அகப்பையை மடியில் வைத்துக்கொண்டு எச்சரிக்கையும் விட்டேன்: “எவனாவது விரல நக்குனா மண்ட ஒடையும்.” ஒருவரும் நக்கவில்லை. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

3. சாவி

மிஸ்ஸி திரும்பி வந்தபோது அண்டாக்கள் கோயிலுக்குள் போய்விட்டன. ஆட்கள் ஒரே வாளித் தண்ணீரில் விரலை நனைத்து, வேட்டியிலும் கைலியிலும் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

எல்லாரும் வலது கையை நீட்டினார்கள். “எந்தக் கைனாலும் பரவால்ல,” என்றார் மிஸ்ஸி.

“நல்லாருக்கே! வீட்டுக்கு வந்த பிள்ளகிட்ட எடது கைய நீட்டறதா?” என்றார் இன்னொரு பெரியவர்.

மிஸ்ஸி மருந்துப் பஞ்சால் விரலைத் துடைத்துக் குத்தினார். பத்தொன்பது. எட்டுக்குள் இருக்க வேண்டியது. அடுத்த ஆளுக்கு இருபத்திரண்டு. மிஸ்ஸியின் முகம் மாறியது. சின்னப்பனுக்கு இருபத்தாறு.

பூசைக்கு வந்த கிராணி அந்த நேரம் பார்த்துப் பின்னாலேயே நின்றார்.

“சின்னப்பா, சாவிய குடு.”

“காலையில நல்லா இருந்துச்சுங்க ஐயா!”

“காலையில பட்டினி. பட்டினி கெடந்தா யாருக்கும் நல்லாத்தான் இருக்கும். சாப்பிட்டதுக்கப்புறம் வர்றதுதான் உன் உண்மையான லெச்சணம்.”

சின்னப்பன் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். என்னை அவன் பார்க்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சூழ்நிலையைக் கலகலப்பாக்க வேண்டுமே என்று, “எனக்கும் குத்துங்க மிஸ்ஸி,” என்று கையை நீட்டினேன். முப்பது. அந்த நம்பரைப் பார்த்தேன், விரலில் ரத்தத்தையும் பார்த்தேன். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. விழித்தபோது என்னைப் பின்பக்கக் குழாயடியில் தூக்கிப் போட்டிருந்தார்கள். சட்டையெல்லாம் வாந்தி. சவுக்காரம் போட்டு முகம், கை எல்லாம் தேய்த்துக் கழுவிக்கொண்டு, சாகப்போகிறவன் மாதிரி மெதுவாக நடந்து வந்தேன்.

“மிஸ்ஸி, இன்னொரு தடவ பாருங்க. எம் பொண்டாட்டிகிட்ட சொல்லணும்.” வலது விரல் வலித்ததால் இடது கையை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டேன்.

ஆறு.

“மிஷின் செத்துருச்சு,” என்றேன்.

மிஸ்ஸி மிஷினைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்களின் கையை. ஒருவரின் விரலைப் பிடித்துப் பார்த்தார். விரல் ஒட்டியது.

“அண்ணே, ரெண்டு மணி நேரமா இங்க என்ன நடந்துச்சு?”

“சத்தியமா யாரும் சாப்பிடல மிஸ்ஸி! பிசைஞ்சோம், அவ்ளோதான்.”

“எத?”

“பஞ்சாமிர்தம்.”

மிஸ்ஸி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஒரு சொட்டு ரத்தம் அண்ணே! கடுகு அளவு! அதுல தேனும் சர்க்கரையும் கலந்தா மிஷின் என்ன காட்டும்? மருந்துப் பஞ்சால மட்டும் தொடச்சா இந்தப் பிசுக்கு போகுமா? நானும் பாக்காம குத்திட்டேன் பாருங்க.”

சவுக்காரம், குழாய், எல்லாருக்கும் மறுபடி குத்து. நம்பர் எல்லாம் சரசரவென்று இறங்கியது. சின்னப்பனுக்கு ஏழு. அவன் கிராணியிடம் ஓடினான்.

“ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல இருபத்தாறும் காட்டுது, ஏழும் காட்டுது. நான் எத நம்பி லோரிய குடுக்கிறது?” என்றார் கிராணி. அவரைக் குறை சொல்ல முடியாது.

மிஸ்ஸியும் அவன் பக்கம் பேசவில்லை. “இந்த ஏழும் செல்லாது. சாப்பிட்டு மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அடுத்த ஞாயிறு முதல்ல இருந்து பாக்கணும்.” லேப்புக்கு அனுப்ப அவன் முழங்கையிலிருந்து ஒரு டியூப் ரத்தமும் எடுத்தார். அதைப் பார்க்காமலிருக்க நான் வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

4. மறு ஞாயிறு

அந்த வாரம் முழுக்கச் சின்னப்பன் உதிரிப் பழம் பொறுக்கினான். அவன் லோரியை வேறொருவன் கியர் உடைகிற மாதிரி ஓட்டிப் போகும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பானாம். பிசையச் சொல்லித் தலையாட்டியது நான். என்னோடு அவன் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவனை மட்டும் மண்டபத்தில் உட்கார வைத்தேன். முதல் வாய்ச் சோறு போனதிலிருந்து மிஸ்ஸி நேரம் பார்த்தார். நான் எதிரிலேயே உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கைச் சொறிந்தால்கூட, “எதுக்கு?” என்று கேட்டேன். பிறகு சவுக்காரம், காய்ந்த துணி, இடது கை. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டில் பார்த்தார் மிஸ்ஸி.

ஒன்பது.

“கொஞ்சம் கூடத்தான். லேப் ரத்தமும் இதையேதான் சொல்லுது. தெனம் மாத்திர போட்டா லோரி ஓட்டலாம். நான் கிராணிகிட்ட பேசிட்டேன்,” என்றார் மிஸ்ஸி. பக்கத்தில் நின்ற கிராணி சாவியை மேசைமேல் வைத்தார். “மாத்திர போட்டா மட்டும்,” என்றும் சொன்னார்.

சின்னப்பன் சாவியை எடுக்கவில்லை. விரலை மோந்து பார்த்தான். “சவுக்காரம் மட்டம் மிஸ்ஸி. இன்னொரு தடவ கழுவிட்டு வரவா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்டபமே அதிர்ந்தது. “போன வாரம் பொய்யி, இந்த வாரம் நெசம்! ரெண்டையும் பக்கத்துல உக்காந்து பாத்தவன் நான்! புடிக்காத நம்பர் வந்தா வெரல் மேல பழி போடுவியா? மாத்திரய முழுங்குடா!”

பிள்ளைகளே, நான் கற்றது இவ்வளவுதான். குத்துவதற்கு முன்னால் கையைப் பாருங்கள், எதைத் தொட்டான், எப்போது தின்றான் என்று வாய் வலிக்கக் கேளுங்கள். அதெல்லாம் சரியாக இருந்த பிறகு வந்த நம்பரை, அழுது புரண்டாலும் மாற்றாதீர்கள். நம்பர் பொய் சொல்லும் என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால், அப்புறம் உண்மை நம்பரை நம்ப வைக்க உயிர் போகிறது. இன்றைக்கும் அந்தத் தோட்டத்தில் இனிப்பு ஏறினவன் எல்லாம் குழாயடிக்குத்தான் ஓடுகிறான்.

நான் கத்தியதும் சின்னப்பன் என்னை முறைத்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் முகத்தைப் பார்த்தான். பிறகு சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மிஸ்ஸி கொடுத்த மாத்திரையை உள்ளங்கையில் உருட்டினான்.

“மிஸ்ஸி, இத சோத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“சோத்தோட, இல்லனா சாப்பிட்ட ஒடனே.”

“அப்ப சும்மா கத்தாம,” என்றான் என்னிடம், “போயி சோறு போட்டு எடுத்துட்டு வாடா.”