கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற அக்கா

என் அக்காவுக்கும் பயணத்துக்கும் ஒத்து வராது. யாங்கூனிலிருந்து பக்கத்திலிருக்கும் த்வாண்டே போகிற வழியிலேயே இரண்டு தடவை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுப்பவள். அவள்தான் மழைக்காலம் முடிந்த கையோடு, லான்மடாவில் நான் வேலை பார்க்கும் பெயின்ட் கடைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தம்பி, பூகெட்டப் பாக்கணும்டா."

"எதுக்கு?"

"எல்லாரும்தான் போறாங்க. மலை மேல பெரிய புத்தர் இருக்காராம். கடலுக்குள்ள பாறை பாறையா நிக்குதாம்."

"புத்தரப் பாக்க தாய்லாந்து போகணுமா? தெரு முனைக்கு வந்தா ஷ்வேடகோன் பகோடா தெரியுது."

"நீ கூட வரியா, இல்லியா?"

அவளுக்கு அறுபது ஆகப்போகிறது. முழங்கால் வலி. பர்மியரான அத்தான் இறந்து எட்டு வருஷம். தனியாக அனுப்ப முடியுமா? பாஸ்போர்ட் வரிசையில் நின்றேன், முதலாளியிடம் நான்கு நாள் லீவுக்குக் கெஞ்சினேன். கிளம்புகிற அன்று பார்த்தால் அவள் பெட்டியில் துணி கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் டப்பா: இறால் பொடி, ஊறவைத்த தேயிலை, எலுமிச்சை ஊறுகாய். "அங்க சோறு கிடைக்காதா?" என்று கத்தினேன். அவள் பெட்டியை அழுத்தி மூடினாள். பாங்காக்கில் விமானம் மாறி, பூகெட்டில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது ஊறுகாய் எண்ணெய் கசிந்து, அவள் பெட்டியில் வைத்திருந்த என் சட்டைகளில் இறங்கியிருந்தது. அந்த நான்கு நாளும் நான் எலுமிச்சை வாசனையோடுதான் தீவைச் சுற்றினேன்.

முதல் நாள் மலை மேலிருக்கும் வெள்ளைப் புத்தரைப் பார்க்கப் போனோம். வெயிலில் மின்னும் சலவைக்கல். கீழே மூன்று பக்கமும் கடல். அக்கா ஒரு கும்பிடு போட்டாள். அவ்வளவுதான். உடனே திரும்பி, படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய்விட்டாள். அந்தப் பெண்ணின் கன்னத்தில் பர்மியப் பெண்கள் அரைத்துப் பூசும் தனக்காச் சாந்து தெரிந்தது. எந்த ஊர், எத்தனை வருஷம், தங்குவது எங்கே என்று பர்மியத்தில் ஒரே விசாரணை. அந்தப் பெண் பர்மாவின் தெற்கே தவே ஊர்க்காரி. வேன் டிரைவர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

மாலையில் சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு முனைக்குக் கூட்டிப்போனார்கள். நூறு பேர் போனைத் தூக்கிப் பிடித்துக் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். என் அக்கா மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இளநீர்க் கடையைப் பார்த்து நின்றாள். அங்கே இளநீர் வெட்டிய பையனும் பர்மாதானாம், பத்தேன்காரனாம்.

"அக்கா, கடல் அந்தப் பக்கம் இருக்கு."

"எங்க போயிடப் போகுது? இருக்கும், இருக்கும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சூரியன் மறைந்ததை நானும் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் படகுப் பயணம். ஹோட்டலில் ஐந்தாறு படகுக்காரர்களின் விளம்பரத் தாள்கள் இருந்தன. அக்கா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, அதில் நீலப் படகு போட்ட தாளைத்தான் எடுத்தாள். "இதுலதான் போகணும்." ஏன் என்று கேட்டால், "படம் நல்லாருக்கு." மற்ற தாள்களிலும் அதே பாறை, அதே கடல்தான் இருந்தது.

காலையில் படகுத்துறையில் நீலச் சட்டை போட்ட ஒரு பெண் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். எங்களிடம் வந்தாள். முடியைக் காது வரைக்கும் வெட்டியிருந்ததால் எனக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. அக்காவின் மகள். ஒரே மகள்.

யாங்கூனின் லைங் தாயாவில் தையல் ஆலையில் இருந்தவள் ஐந்து வருஷத்துக்கு முன்னால் தாய்லாந்துக்குக் கிளம்பினாள். அன்றைக்கு வாசலில் நின்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "போனா போனதுதான், இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது" என்றேன். தாய்மாமன் என்கிற அதிகாரம். அதற்குப் பிறகு அவளைப் பற்றி யாரும் என்னிடம் பேசியதில்லை. எல்லையோரம் ஏதோ ஆலையில் இருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கையத் தூக்குங்க, ஆன்ட்டி," என்றாள் பர்மியத்தில், யாரோ பயணியிடம் பேசுவதுபோல. வழிகாட்டி பக்கத்திலேயே நின்றிருந்தார். அக்கா கையைத் தூக்கினாள். மகள் வார்களை இழுத்துக் கட்டினாள். தேவையில்லாமல் இரண்டு தடவை கட்டினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. என் ஜாக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டாள்.

படகு கிளம்பியதும் அக்காவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வாரா வாரம் போன்ல பேசுறேன். தெரியாம எப்படி?"

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னா நீ வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள் கடலிலிருந்து எழுந்து நின்றன. ரப்பர் படகில் குகைக்குள் கூட்டிப்போனார்கள். மரக்கால்களை நட்டுத் தண்ணீர் மேலேயே கட்டிய மீனவர் கிராமத்தில் சாப்பாடு. மகள் ஓடிக்கொண்டே இருந்தாள். அன்னாசி நறுக்கினாள், ஏணியைப் பிடித்தாள், அழுத குழந்தைகளைத் தூக்கினாள். பயணிகளோடு உட்கார்ந்து பேச வேலையாட்களுக்கு அனுமதி இல்லை. இரண்டு கை தூரத்தில் தாயும் மகளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு போனார்கள்.

அக்காவின் வாந்திதான் கடைசியில் வழி செய்தது. எல்லோரும் நீந்த இறங்கிய இடத்தில் படகு ஆட, அவள் முகம் வெளிறி, ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தாள். வழிகாட்டியே மகளைக் கூப்பிட்டு, பார்த்துக்கொள் என்றார். மகள் ஈரத்துணியோடு வந்து அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அமே, எதுக்கு வந்தே? உனக்குத்தான் படகு ஒத்துக்காதே," என்றாள். அம்மாவை அவள் எப்போதும் பர்மியத்தில் அமே என்றுதான் கூப்பிடுவாள்.

"முடிய ஏண்டி இப்படி வெட்டிக்கிட்டே?"

"உப்புத் தண்ணி. சிக்கு விழுது."

ஐந்து வருஷத்துக்குப் பிறகு நேரில் பேசியது முடியைப் பற்றித்தான். இருபது நிமிஷத்தில் எல்லோரும் ஏறிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் அருவிக்குப் போவதாக ஏற்பாடு. அக்கா ஹோட்டல் வாசலில் நின்று, "மறுபடியும் அந்தப் படகுதான்" என்றாள். நான் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அசையவில்லை. போனோம். படகில் மகள் இல்லை. வேறு படகுக்கு மாற்றிவிட்டார்களாம். நடுக்கடலில் இறங்கிவிடவா முடியும்? ஏழு மணி நேரம் அதே பாறை, அதே குகை, அதே அன்னாசி, வழிகாட்டியின் அதே நகைச்சுவைகள். எங்கே சிரிக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாகியிருந்தது. அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு, முதல் தடவையாகக் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்தபோது மகள் படகுத்துறையில் குழாய்த் தண்ணீரால் ஜாக்கெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வேலை முடிய அரை மணி நேரம் ஆனது. பிறகு மூன்று பேரும் மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். அக்கா பையிலிருந்து டப்பாக்களை எடுத்தாள். மகள் சோறுகூட இல்லாமல் இறால் பொடியை விரலால் வழித்து வழித்துத் தின்றாள்.

நான்தான் பேச வேண்டியிருந்தது. "எப்போ ஊருக்கு வரே?" என்றேன்.

"வந்தா நம்ம நாட்டவிட்டுத் திரும்ப வெளிய விடுவாங்களோ என்னமோ, மாமா. இப்ப வேணாம்." தமிழில்தான் சொன்னாள், வார்த்தைகளைத் தேடித் தேடி. பிறகு, "வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு வேற சொல்லியிருக்கீங்க" என்றாள்.

"அப்ப கோவத்துல சொன்னேன்."

"தெருவே கேட்டுச்சு."

"வந்து ஏறு. யாரு தடுக்குறா பாக்குறேன்," என்று நான் அதட்டினேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு அதட்டத்தான் வருகிறது. அவள் ஊறுகாய் டப்பாவை என் பக்கம் தள்ளினாள்.

யாங்கூனில் இறங்கியதும் டாக்ஸிக்கு நிற்கையில் போன் வந்தது. அக்காவுக்கு என்று நினைத்தேன்; என்னுடையது. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா, அம்மா மாத்திரை போட்டாளா, வண்டி கிடைத்ததா என்று கேள்விமேல் கேள்வி. ஒன்றுக்கும் அவள் என்னைப் பதில் சொல்ல விடவில்லை. அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கப் பார்த்தாள்.

"இரு, என்கிட்டதான் பேசுறா," என்றேன்.