வரகுக்கு ஆள் பிடிக்கிறவர்

எதிரே இருப்பவர் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தால் போதும், ஒரு கவளம் வரகுச் சோறு அதற்குள் போய்விடும். "மென்னுட்டுப் பேசுங்க" என்பார் தரகர். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு எவன் சண்டை போடுவான்?

பேர்தான் தரகர். வாங்குவதும் கிடையாது, விற்பதும் கிடையாது. ஒருத்தரை இன்னொருத்தரோடு கோத்துவிடுவதுதான் வேலை. யாரும் சீந்தாத வரகை மேட்டுக்காட்டில் நாலே பேர் விதைத்துக்கொண்டிருந்தார்கள். "ஏழு தோலுய்யா இதுக்கு. என் மெஷினு பல்லு போயிடும்" என்று மில்காரர் விரட்டினார். மாணவர் விடுதிச் சமையல்காரம்மாவோ, "கோழிக்குப் போடுறதப் பிள்ளைங்களுக்குப் போடச் சொல்றியாண்ணே?" என்று கரண்டியோடு வந்தார். எல்லோரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கச் செருப்புத் தேய அலைந்தார். "பொண்ணுக்கு மாப்பிள்ளை தேடி இப்படி அலைஞ்சிருந்தா இந்நேரம் பேரன் பொறந்திருப்பான்" என்பாள் வீட்டுக்காரி.

போன அறுவடைக்குத்தான் கூடிவந்தது. பிள்ளைகள் இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார்கள். சமையல்காரம்மா இன்னும் மூட்டை கேட்டார். தரகருக்குத் தலைகால் புரியவில்லை. மேட்டுக்காட்டுக்கு ஓடி, "இருக்கிறதையெல்லாம் வழிச்சுக் கொடுங்க, இப்ப விட்டா பிடிக்க முடியாது" என்றார்.

கொடுத்தார்கள். விதை தீர்ந்தால் அடுத்தவரிடம் வாங்கி விதைத்து, அறுத்ததும் திருப்பி அளப்பது அங்கே வழக்கம். அந்தத் தைரியத்தில் நாலு பேருமே விதைப்பானையைக் கவிழ்த்துவிட்டார்கள். அவரிடம் இருக்கும் என்று இவர், இவரிடம் இருக்கும் என்று அவர். ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தரகரும்தான்.

நேற்று விதைப்பு மழை இறங்கியது. நாலு பேரில் ஒருத்தி, புருஷன் இல்லாதவள், நனைந்தபடியே இவர் வாசலில் வந்து நின்றாள்.

"யார்கிட்டயும் இல்லண்ணே. அந்தக் கல்லுக்காட்டுல வேற என்னத்தப் போடுவேன்?"

விடுதிக்கு ஓடினார். அங்கே இருந்ததெல்லாம் தோல் போய், முனை உடைந்த அரிசி. உலையில் வேகும், மண்ணில் முளைக்காது. "அடுத்த மூட்டை எப்பண்ணே வரும்?" என்று கேட்டார் சமையல்காரம்மா. இவர் மில்லைப் பார்த்து நடந்தார்.

இப்போது மில்லுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், உமிக் குவியல் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மெஷினுக்குத் தப்பிய முழு மணி ஏதாவது கிடைக்காதா என்று விரலால் அளைந்துகொண்டிருக்கிறார்.

மில்காரர் வந்து பார்த்தார். "ஒண்ணு விடாம உரிக்கச் சொன்னது நீதானய்யா?" என்றார். இவர் அடுத்த பிடி உமியை அள்ளினார். மில்காரர் தானும் குத்தவைத்து உட்கார்ந்தார்.

தோலோடு ஒன்று அகப்பட்டது. தரகர் அதை உள்ளங்கையில் வைத்து மெல்ல ஊதினார். பறந்துபோயிற்று. வெறும் பதர்.

மில்காரருக்கும் ஒன்று கிடைத்தது. அவர் ஊதிப் பார்க்கவில்லை. அப்படியே எடுத்துத் தரகரின் சட்டைப் பைக்குள் போட்டார்.