மைனி கேட்ட கூலி

அண்ணன் மனைவியான மைனி என் தச்சுப் பட்டறைக்கு முதன்முதலாக வந்த காலை இப்போதும் கண்ணில் நிற்கிறது. தோளில் என் அண்ணனுடைய உளிப் பை. தச்சநல்லூரில் நான் தனியாகப் பட்டறை போட்டு மூன்றாவது வருடம் அது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த அண்ணனுக்கு வலது தோள் நொறுங்கிப்போயிருந்தது. இனி இழைப்புளி பிடிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுச் செலவுக்கு ஏதாவது கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் சட்டைப் பையைத் தடவினேன்.

"அதெல்லாம் வேண்டாம் தம்பி. வேலை குடுங்க. வீட்டுல ஒங்க அண்ணன் மரம் அறுக்கையில எதிர்ப்பக்கம் பிடிச்சது நான்தான்" என்றார்.

உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கும் வேலையைக் கொடுத்தேன். கையாள் கூலி, அதாவது ஓர் ஆசாரிக்குக் கொடுப்பதில் பாதி. உறவுக்காரிக்கு உதவிவிட்டதாக எனக்குள் ஒரு பெருமிதம் வேறு. சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் தலைசாய்க்க, மைனி கழிவுப் பலகைகளை எடுத்து அறுத்துப் பழகினார். ஒரு வருடத்துக்குள் ப்ளைவுட் வெட்டுவது, மைக்கா ஒட்டுவது, கீல் பொருத்திக் கதவு தொங்கவிடுவது என்று எல்லா வேலையும் அவர் கைக்கு வந்துவிட்டது. கூலி மட்டும் அதே பாதியில் நின்றது. அதை நான் கவனிக்கவில்லை என்று சொன்னால் பொய். வசதியாக இருந்ததால் பேசாமல் இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது மைனி கை நீட்டவில்லை.

"இந்த வாரம் நான் செஞ்சது என்ன வேலை தம்பி? அதுக்கு உண்டான கூலியக் குடுங்க."

"மத்த ஆளுவ என்ன சொல்லுவாங்க மைனி?"

"அவங்க சொல்லுதத நான் கேட்டுக்கிடுதேன். நீங்க என்ன சொல்லுதிய?"

ஒரு சமையலறையின் மர வேலையைத் தனியாக முடித்துக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்று நழுவினேன்.

பாளையங்கோட்டையில் ஒரு டீச்சரின் வீடு அது. நானாக இருந்தால் சுவரை மட்டும் அளந்திருப்பேன். மைனி டீச்சரையே சுவரோரம் நிற்கவைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். "அரிசி டப்பாவ எங்கன வைப்பிய? குனிஞ்சா முட்டு வலிக்குமா?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கனமான பாத்திரங்களெல்லாம் இடுப்பு உயரத்து இழுப்பறைகளுக்கு வந்தன. வேலை முடியும் தறுவாயில்தான் தவறு தெரிந்தது. உயரமான அலமாரி ஒன்று இடித்து, ஃபிரிட்ஜின் கதவு பாதிதான் திறந்தது. ஃபிரிட்ஜைச் சற்று முன்னால் நகர்த்திவிட்டால் போதும், டீச்சருக்குப் பழகிவிடும் என்று நான் மெதுவாகச் சொன்னேன். மைனி அதைக் காதில் வாங்கவில்லை. நேரே டீச்சரிடம் போய், "இது என் தப்பு டீச்சர். ரெண்டு நாள் குடுங்க, மாத்திருதேன்" என்றார். அலமாரியைக் கழற்றி, தன் கூலியில் பலகை வாங்கிப் புதிதாகச் செய்து வைத்தார்.

அடுத்த மாதம் அதே தெருவில் இரண்டு வீடுகளிலிருந்து ஆள் வந்தது. இருவருமே என்னைக் கேட்கவில்லை, அந்த அம்மாவைத்தான் அனுப்ப வேண்டும் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை முழு ஆசாரிக் கூலியை எடுத்து வைத்தேன். மைனி எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

சில மாதங்களில் அவர் தனியாகத் தொழில் தொடங்கப் போவதாகச் சொன்னபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "கூலிக்கு நின்னா கை ஓடுத வரைக்கும்தான் சோறு. ஒங்க அண்ணனக் கண்ணால பாத்துட்டேன்லா" என்றார். சீவலப்பேரிச் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, முதல் ஆளாக அண்ணனைத்தான் வேலைக்குக் கூப்பிட்டார். ஒரு ப்ளைவுட் பலகையைத் துண்டு வீணாகாமல் எப்படி வெட்டுவது என்று இடது கையால் படம் போடுவது அண்ணன் வேலை. சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்த மனிதர் காலையில் சவரம் செய்துகொண்டு கிளம்புவதைப் பார்த்த பிறகுதான் என் கோபம் வடிந்தது. உளி பிடிக்கிற கை சம்பாதிக்கும் என்பது எனக்குத் தெரியும். யோசனைக்கும் பொறுப்புக்கும் அதைவிடக் கூடுதலாக விலை உண்டு என்று மைனியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்று அங்கே ஏழு பேருக்கு வேலை. அதில் இரண்டு பேர் பெண்கள், அவர்களுக்கும் அதே ஆசாரிக் கூலிதான்.

போன வருடம் எனக்கு வந்த விடுதி வேலை ஒன்று தனியாகத் தூக்க முடியாத அளவுக்குப் பெரியது. தயங்கித் தயங்கி மைனியைக் கூப்பிட்டேன். சரிபாதி என்றால் வருவதாகச் சொன்னார். ஒத்துக்கொண்டேன். இருவருமாக விலைத்தாளோடு போய் உட்கார்ந்தோம். விடுதிக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாதி வேல பொம்பளையாளு செய்யுதது தான வே? அந்தப் பாதிக்குக் கொறைச்சுக்கிடக் கூடாதா?"

மைனி வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "அப்படிக் கொறைச்சுக் குடுத்தவன் நான்தான் அண்ணாச்சி. இன்னும் வெக்கப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

மைனி என் பக்கம் திரும்பவில்லை. விலைத்தாளை விடுதிக்காரர் முன்னால் நேராக்கி வைத்தார். "எப்ப வேலைய ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டார்.